காலை ஏழரைக்கு நடை திறப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரியக் காரணம் இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். பில்லில் மணி அச்சாகும். அதன் கடை நகல் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

போனில் என் மகள் ஹேமா. ஒரகடத்தில் மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் ஒன்றரை வருடமாக வேலை. ஷிஃப்ட் நேரத்தில் போன் கையில் இருக்காது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எச்.ஆர். அறை போனிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

“ம்மா, என் பேட்ஜை வாங்கிட்டாங்க. லெட்டர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நீ வா.”

துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இது. தொழிற்சாலையிலிருந்து போன முப்பத்தாறு பேட்டரிகளில் ஒன்று, வாங்கிய கம்பெனியின் கிடங்கில் சூடேறிப் புகைந்து உருகிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அறுபது டிகிரியில் தானாக நின்றிருக்க வேண்டியது ஏன் நிற்கவில்லை என்று பார்த்தபோது, முப்பத்தாறிலும் அந்த அளவு எழுபத்தைந்தாக மாறியிருந்தது. கம்ப்யூட்டர் பதிவின்படி அத்தனையிலும் கடைசியாகக் கை வைத்தது ஹேமா. ‘என் கவனக்குறைவால் மாற்றிவிட்டேன்’ என்று மூன்று மணிக்குள் அவள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் போலீஸ் புகார்.

“நான் தொடவே இல்லம்மா. யார் எப்போ மாத்தினாங்கன்னு அந்த சிப்புக்குள்ளேயே இருக்கும். சார் வந்து தொறந்தா போதும், தெரிஞ்சிடும். சார் இன்னும் வரலை. அவர் போனும் ஆஃப்ல இருக்கு.”

நான் கவுண்டரை விட்டு எழுந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். சார் வேலைக்கு வரவில்லை என்பது, எங்களைப் பொறுத்தவரை, சூரியன் வரவில்லை என்பது மாதிரி.

சார் என்றால் ஹேமாவின் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பானவர். எங்கள் தெருவில்தான் இருந்தார். படப்பையில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஒல்லியான மனிதர். சட்டைப் பையின் வாயில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருப்பார், உள்ளே இருப்பது மூன்று பேனாவும் பஸ் டிக்கெட்டும்தான். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டால் “இங்கதான்” என்பார். எப்போ வருவீங்க என்றால் “வந்துடுவேன்.” தெருப் பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர். பிள்ளைகளுக்கு அவர் பாஸ்வேர்ட் சார். கல்யாணமாகிப் போன மகள் பொங்கலுக்கு வந்தால்கூட, அவள் போனை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வைஃபை பாஸ்வேர்டைத் தானே அடித்துக் கொடுப்பார். அவள் ஊர் திரும்பியதும் மாற்றிவிடுவார் என்று அவர் மனைவியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

சங்கிலிப் பறிப்பு நடந்த பிறகு தெருச் சங்கத்தில் நாலு கேமரா வாங்கினோம். பதிவாகும் பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு எழுந்ததுமே அவர் கையைத் தூக்கிவிட்டார். விவரம் தெரிந்தவர், பொறுப்பானவர் என்று எல்லோரும் கைதட்டிக் கொடுத்தோம். நானும் தட்டினேன். அடுத்த மாதமே முனைவீட்டு டெய்லரின் பைக் காணாமல் போனது. அப்போது தொழிற்சாலைக்கு வருடாந்திரப் பராமரிப்பு விடுமுறை, அவர் மனைவியின் ஊருக்குப் போயிருந்தார். போனில் பாஸ்வேர்ட் கேட்டதற்கு, போனில் சொல்லக் கூடாது, நேரில் வருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார், ஒன்பதாம் நாள். அந்தப் பெட்டியில் ஏழு நாள் பதிவுதான் நிற்கும்.

சங்கக் கூட்டத்தில் அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. இன்றுவரை வெளியாள் ஒருவன் அந்தப் பதிவைப் பார்த்தது உண்டா, அதுதான் பாதுகாப்பு என்றார். டெய்லர் எழுந்தார். “வெளியாளு பாக்கல சார், ஒத்துக்கிறேன். நாங்களும் பாக்கல. திருடன் ஒருத்தன்தான் கேமராவ நல்லாப் பாத்துகினு போயிருக்கான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பாஸ்வேர்ட் மட்டும் வெளியே வரவில்லை.

தொழிற்சாலையில் அவர் கையில் இருந்தது இதைவிடப் பெரிய பெட்டி. ஹேமா எனக்குப் புரியும்படி சொன்னதை நானும் அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு மின்னழுத்தம் என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்கிற அளவு அதன் நினைவகத்தில் ஒரு பூட்டிய பகுதியில் இருக்கும். கண்டவர் மாற்றக் கூடாது இல்லையா. அதைத் திறக்க இரண்டு எண்களை அடுத்தடுத்து அடிக்க வேண்டும். மூன்று முறை தப்பாக அடித்தால் அந்த சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் செய்தவன் வந்தாலும் திறக்காது. திறந்தது எந்தத் தேதி, என்ன நேரம், எதை மாற்றினார்கள் என்பதை அதுவே உள்ளே குறித்துக்கொள்ளும். அளவை யாரும் பார்க்கலாம், ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கவும் அதே இரண்டு எண்கள் வேண்டும்.

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் கடையிலும் தூக்க மாத்திரை அலமாரிக்குப் பூட்டு உண்டு. ஆனால் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று முதலாளியிடம். நான் லாரியில் அடிபட்டாலும் வலியில் கிடக்கிற நோயாளிக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

சார் லாரியில் அடிபட மாட்டார் என்று அந்தத் தொழிற்சாலை நம்பியது. தினமும் காலை ஏழரைக்கு அவர் வந்து, ஒவ்வொரு சோதனை மேசையாகப் போய், இடது கையில் ஒரு ஃபைலைக் குடைபோலப் பிடித்து மறைத்துக்கொண்டு, வலது கையால் எண்களை அடிப்பார். மேசை திறந்துகொள்ளும். அன்று முழுவதும் அதில் வேலை நடக்கும். ஆறு மேசை, நாற்பது பேர். அவர் வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு நடை திறப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். “நடை தொறந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் டீ குடிக்கப் போவார்களாம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிற ஒரு பெண், சார் வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாளாம். அவர் அதைக் கவனித்தாரா என்று கேட்டேன். கவனிச்சாரும்மா, மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாரு என்றாள் ஹேமா.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தத் திறப்பைத் தவறவிட்டதில்லை. சாலையில் முழங்கால் தண்ணீர் ஓடிய டிசம்பரில், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். கண்ணில் அறுவை செய்த மறுநாள் பச்சைத் துணி கட்டிய ஒற்றைக் கண்ணோடு போனார். மகளின் கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு, பட்டு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக ஒரகடம் போய், ஆறு மேசையையும் திறந்துவிட்டு, முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தார். தாலி கட்டும் நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மகளைப் பிரிகிற துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அன்னைக்குத்தான் நெஜமாவே நடை தொறந்த மாதிரி இருந்துச்சு என்றார்களாம் தொழிற்சாலை லைனில். நானும் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்தைவிட இரண்டு எண்களைப் பெரிதாக நினைத்ததில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஹேமா வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு காரியம் செய்தாள். என் மகள் என்பதால் செய்தாள். சார், உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றது, அந்த ரெண்டு நம்பர் கீயை ஒரு கவர்ல எழுதி ஒட்டி மேனேஜர் லாக்கர்ல வெச்சுடலாமே என்று கேட்டிருக்கிறாள். தூக்க மாத்திரை அலமாரியையும் உதாரணம் சொல்லியிருப்பாள். அவர் அவளை நிதானமாகப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாம இருக்கறது உங்களுக்கே நல்லதும்மா” என்றாராம். அது அவர் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வண்டி பக்கத்தில் என் கணவரிடம் மட்டும், “பொண்ணுக்கு ஆர்வம் கொஞ்சம் ஜாஸ்தி, பாத்துக்கோங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்டிக்காரி என்கிறார் என்று என் கணவர் வந்து பெருமையாகச் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்று நின்று போனது. மூன்று மணி, மூன்று மணி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டில் இருந்த காவல்காரருக்கு ஊர் மணிமங்கலம். என் கடைக்கு மாத்திரை வாங்க வருபவர். என் முகத்தைப் பார்த்ததும் ரிஜிஸ்டரை நகர்த்தி வைத்தார்.

“இன்னாம்மா, பொண்ணுக்காவ வந்தியா? உள்ள லைனே ஓடல. அவரு வர்ல, மெஷினு தொறக்கல. அத்தினி பேரும் சொம்மா குந்திகினு கீறாங்க. ஆறு வருசத்துல இப்பிடி ஒரு நாளு நான் பாத்ததில்ல.”

எச்.ஆர். அதிகாரி என் மகளைவிட ஐந்து வயது பெரியவராக இருக்கலாம். எனக்கு காபி வரவழைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, ‘கவனக்குறைவால்’ என்கிற வார்த்தையைப் பேனாவால் தொட்டுக் காட்டி, இது போட்டிருக்கறதால பெரிசா ஒண்ணும் ஆகாது மேடம், வேலை மட்டும்தான் போகும் என்றார். கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மருந்துப் பதிவேட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில், நெருப்பு பிடிக்கிற பேட்டரிக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொடுத்த பெண்ணை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கேட்டுக்குள் விடுவார்கள்?

சார் காலையில் திறந்து விடுகிறார், அப்புறம் மேசையில் இருப்பவர்தானே பொறுப்பு என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்க பொண்ணு முன்னாடி ஒருதரம் கீ கேட்டிருக்காங்க மேடம். நேத்து சாரே எழுதிக் குடுத்திருக்கார்” என்றார்.

ஆர்வம் ஜாஸ்தி. காபியை மேசையில் வைத்துவிட்டேன்.

ஹேமா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேட்ஜ் தொங்குகிற நாடா மட்டும் கழுத்தில் இருந்தது. நான் வெளியே வந்து சாரின் மனைவிக்குப் போன் செய்தேன். வழக்கம்போல ஆறரைக்கே பையோடு கிளம்பிவிட்டார் என்றார். எங்கே போயிருப்பார் என்று கேட்டேன். “என்கிட்ட என்னைக்குச் சொல்லியிருக்கார்ங்க? கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருசம், அவர் சம்பளம் என்னன்னு நான் உங்ககிட்டதான் கேக்கணும்.” எங்கள் இரண்டு பேரில் யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று தெரியவில்லை.

மதியம் ஒன்று ஆனது, இரண்டு ஆனது. பிளான்ட் மேனேஜர் இரண்டு முறை வந்து கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார். சிப் செய்கிற கம்பெனிக்கு அவர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தது நல்ல காலம். இரண்டு இருபதுக்கு ஒரு பெண் வந்தாள். ஹேமா வயதுதான். ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் காலை முழுக்க நின்றிருக்கிறாள், இன்னும் சாப்பிடவில்லை. கையில் பாதி வாழைப்பழம். திரும்பி வந்த அந்த முப்பத்தாறில் ஒன்றையும் ஒரு கம்ப்யூட்டரையும் எச்.ஆர். அறை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

“கீ எப்போ மாத்தினீங்க?” என்று மேனேஜரைக் கேட்டாள்.

அது சாருக்குத்தான் தெரியும் என்றார் அவர்.

“சரி, மாத்தினாரான்னாவது தெரியுமா? சிப் வரும்போது நாங்களே ஒரு கீ போட்டுத்தான் அனுப்புவோம், எல்லாருக்கும் ஒரே கீ. மாத்தாம விட்டிருந்தா அதுவே தொறக்கும். எங்க புக்லயே இருக்கு. மனசுல இருந்து அடிக்க மாட்டேன், ஒரு நம்பர் தப்பினாலும் கணக்குல ஏறிடும். புக் இருக்கா இங்க?”

மேனேஜர் எச்.ஆரைப் பார்த்தார். எச்.ஆர். சுவரைப் பார்த்தார். மூலையிலிருந்து ஹேமா பேசினாள். நான் வந்த பிறகு அவள் யாரிடமும் தானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

“என் டேபிள்ல மானிட்டர் தாழ்வா இருக்குன்னு அடியில ஒரு புக் வெச்சிருக்கோம். அதுவான்னு பாருங்க.”

அதுதான். வருடக்கணக்கில் மானிட்டரைச் சுமந்து நடுவில் குழிந்துபோயிருந்தது. அட்டையில் டீ டம்ளர் வட்டம். அந்தப் பெண் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் பக்கத்தைத் தேடினாள். விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக, வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடித்தாள். முதல் எண். இரண்டாவது எண்.

திறந்துகொண்டது.

கல்யாண மண்டபத்திலிருந்து காரில் ஓடி வந்து, ஃபைலைக் குடையாகப் பிடித்து, ஆறு வருடம் அவர் காத்த ரகசியம் நாற்பது பேர் கண் எதிரே, மானிட்டருக்கு அடியில், அச்சடித்துக் கிடந்திருக்கிறது. முதல் நாளே இதை மாற்றிவிட வேண்டும் என்று அதே பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. அந்தப் பெண் அதையும் வாய்விட்டே படித்தாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார நாற்காலி தேடினேன்.

உள்ளே இருந்த குறிப்பு சுருக்கமானது. அளவு அறுபதிலிருந்து எழுபத்தைந்துக்கு மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. இன்னும் மூன்று பேட்டரிகளைக் கொண்டுவந்து திறந்தார்கள். அதே ஞாயிறு, சில நிமிட வித்தியாசம். அன்று லைன் கிடையாது. கேட் ரிஜிஸ்டரில் அந்த நாளுக்கு ஒரே பெயர்தான், சாருடையது. சூட்டறையில் வைத்துச் சோதிக்கும்போது பேட்டரி பாதியில் நின்றுவிடக் கூடாது என்று அவர், மேசைக் கம்ப்யூட்டர் பதிவில் ஏறாத தன் லேப்டாப்பிலிருந்து அளவைக் கூட்டியிருக்கிறார். முடிந்ததும் குறைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டார். மறந்ததை ஞாபகப்படுத்தப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கக் கூடாது என்பதுதானே அவருடைய ஏற்பாடு. அந்த ஞாயிறு அதே நேரத்தில் மணிமங்கலத்தில் என் தம்பி குழந்தைக்குக் காது குத்து. குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஹேமா. போட்டோ என் போனில் இருந்தது. அதை எச்.ஆர். அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஹேமா, நீங்க போய் சாப்பிடுங்க” என்றார். அவர்கள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

சார் தெரிந்தேதான் என் மகளின் பெயரை எழுதிக் கொடுத்தாரா? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மறந்திருப்பார், தன்னால் தவறு நடக்கும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது என்று சில நாள் படும். அன்று காலை ஏழிலிருந்து மதியம் வரை அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், போகிற ரயில் எதிலும் ஏறவில்லை என்றும் பின்னால் ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். அதை நினைக்கும்போது வேறு மாதிரிப் படும். இப்போது அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். எங்கே என்று தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறைக்கதவு திறந்து சார் வந்தார். சட்டையில் வியர்வை, பையில் சேஃப்டி பின், கக்கத்தில் அந்த ஃபைல். மேனேஜர் எழுந்து நின்றார். சிப் கம்பெனிப் பெண் விரலைப் பக்கத்திலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வை என் மேல் படவில்லை, எழுந்து நின்ற ஹேமா மேலும் படவில்லை. திரையில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, அதையும் அவர் படித்ததாகத் தெரியவில்லை. திறந்து கிடக்கிறது என்பது ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

“யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?” என்றார்.